பெட்டியடி மணல்

காய்ந்தால் அது வெறும் சாம்பல் கல்.
பிரகாசி அதை ஆய்வக மேஜையில் வைத்து
பாட்டில் மூடியால் இரண்டு மூடித் தண்ணீர் ஊற்றினாள்.
அறுகோணம் அறுகோணமாய் எழுந்து வந்தது.

"தட்டு மேல தார்ப்பாய் பறக்காம
இதத்தான் வைப்பேன் டீச்சர்.
மீன்தண்ணி பட்டா பூக்கு, வெயில் பட்டா மூடிக்கிடுது.
வாங்க வாறவுக மீன விட்டுட்டு இதப் பாக்காவ.
பேரு கேக்காவ. பேரு வேணும்."

உவரிக்காரி. பாளையங்கோட்டை மார்க்கெட்டில்
சாளை, அயிலை, என்றாவது ஊழி.
புருஷன் ததேயு சரக்குக் கப்பலில் எந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறவன்.

பார்த்த மாத்திரத்தில் அட்டையில் எழுதிவிட்டேன்:
பவழம். இடம், உவரி.
அவள் சிரித்தாள்.
"எங்க ஊரு பாரு எனக்குத் தெரியாதா?
இது அமெரிக்காவுல, கோதுமை ஏத்தப் போன எடத்துல,
ஏரிக்கரையில கெடந்தது. சட்டைப் பையில போட்டுட்டு வந்தாவ.
நல்ல தண்ணி ஏரியாம்.
நல்ல தண்ணியில ஏது பாரு?"

உவரியை அடித்தேன்.

அப்புறம் இரண்டு மணி நேரம் வில்லையும் நானும்.
ஓரத்தில் ஒரு சொட்டு அமிலம். நுரைத்தது, சுண்ணாம்புதான்.
தேன்கூட்டுப் பவழமோ என்றால்
அதற்குச் சுவரில் துளை இருக்கும்,
இதில் சுவர் முழுசு.
வீட்டுக்கு வீடு கதிர்கள்
நடுவைப் பார்த்து ஒரு நெடில் ஒரு குறில்
ஒரு நெடில் ஒரு குறில்,
ஓரிடத்தில் மட்டும் தட்டுகிறது சீர்.
அங்கே ஒரு குட்டி வீடு
இரண்டு பெரிய வீட்டுக்கு இடையில்
மூக்கை நுழைத்திருக்கிறது.

ஹெக்சகோனேரியா.
முப்பத்தெட்டுக் கோடி வருடம் என்று சொல்லும்போது
என் குரல் வட்டிக்காரன் குரல் மாதிரி இருந்தது.
அன்றைக்கு அங்கே ஏரி இல்லை,
வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல்.
இதன் வம்சம் இன்று எந்தக் கடலிலும் இல்லை.
எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.
"சரி, கரைக்கு யாரு கொண்டாந்தா?"

பனி, என்றேன்.
மைல் கனத்துக்குப் பனி. பாறையைப் பெயர்த்து,
உருட்டி, அரைத்து, நகர்ந்து நகர்ந்து…
வார்த்தை வழுக்கியது.
மார்கழியில் புல்நுனியில் நிற்பதைத் தவிர
வேறெந்தப் பனியைக் காட்டுவேன்
இந்தச் சித்திரையில், மின்விசிறி நின்ற அறையில்?

"ஐஸுதானே டீச்சர்?
கம்பெனியில கட்டிய மணல்ல போட்டு இழுப்பானுவ.
மணலு, சிப்பி, ஒரு தடவ ஒரு செருப்பு வாரு,
எல்லாத்தையும் கவ்விக்கிட்டு வரும்.
மீனு மேல ஒடச்சுப் போட்டு லோடு ஏத்துனா
மூலைக்கரைப்பட்டி தாண்டங்குள்ள கரைய ஆரம்பிக்கும்.
இங்க வந்து பெட்டியக் கவுத்தா
அடியில ஒரு பிடி மணலு நிக்கும்.
எங்க ஊரு மணலு. நானா கொண்டாந்தேன்? அதுவா வந்தது."

இருபது வருடமாகப் பனிப்படிவு என்று
கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவள் நான்.

கல்லைப் புரட்டினேன். அடியில் கீறல்கள்,
எல்லாம் ஒரே திசையில்.
பனி இழுத்த தடம் பார், என்றேன் உற்சாகமாக.
குறுக்கே ஒன்று மட்டும் பளிச்சென்று.
"அது சாவி. பையில சாவியும் கெடந்துச்சுல்லா."

கல்லூரிக் காட்சிப் பெட்டிக்குத் தருவாயா என்றதற்கு
"நாளைக்குத் தார்ப்பாய் பறக்குமே" என்றாள்.
பெயரை மட்டும் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வாங்கி
எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
ஹெக்ச… கோனேரி…
"பேருலயே ஏரி இருக்கு பாத்தீளா!"

அட்டை என்னிடம் நின்றுவிட்டது.
இடம் என்ற கட்டத்தில் அடித்த உவரி.
வேறெதுவும் எழுதவில்லை இன்னும்.
மேஜையில் ஈரம் காய்ந்த வட்டத்துக்குள்
நாலைந்து மணல்,
எந்த ஊருடையதோ.